ஓலைக்குள் ஒரு குட்டியானை

குட்டியானை என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் தும்பிக்கை ஞாபகம் வராது. நான்கு சக்கரம் வைத்த சின்ன சரக்கு வண்டிதான் ஞாபகம் வரும். தூத்துக்குடி உப்பளங்களில் மூட்டை ஏற்றிக் கிட்டங்கிகளில் இறக்குவது என் பிழைப்பு. வண்டி என் பேரில் இருந்தது. ஆனால் பாதிக்கு மேல் பைனான்ஸ்காரனுடையது. அந்த வருஷம் மழை தை பிறந்தும் விடவில்லை. அளத்தில் வேலை நின்றது, லோடு நின்றது, தவணை நின்றது. வசூல்காரனின் போன் மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் பயத்தில் எனக்கு மூளை கலங்கிவிட்டது. போனை எடுத்து, தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, "அண்ணன் தவறிட்டாவ. நான் தம்பி பேசுதேன்" என்றேன். அந்தப் பக்கம் வசூல்காரன் உச்சுக் கொட்டினான்.

"அடடா. எப்ப எடுக்காவ? நாங்க வந்துருதோம்."

சொன்னபடி இரண்டு பேர் பைக்கில் வந்தே விட்டார்கள். நான் வாசலில் கைலி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன சார், அதுக்குள்ள எந்திரிச்சிட்டீங்க?" என்றான் பெரியவன். சிறியவன் சிரிக்கவில்லை, வண்டியைச் சுற்றி வந்து டயரை மிதித்துப் பார்த்தான். "சனிக்கிழமைக்குள்ள கட்டுங்க. இல்லன்னா வண்டிய எடுத்துட்டுப் போயிருவோம்."

அவர்கள் போனதும் என் வீட்டுக்காரி கேட்டாள். "நீரு செத்துப் போனதாச் சொன்னது கூடப் பரவாயில்ல. வண்டி போயிட்டா நாம என்னத்தத் திங்கிறது?" எதற்கெடுத்தாலும் பகடி அடிக்கிற நான், கொடியில் கிடந்த கைலியை உருவி மறுபடி பிழிந்தேன்.

அன்று சாயங்காலம் என் கூட்டாளி வந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, அளத்தில் ஒரே லோடு, இந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் அவன்தான். யோசனையும் அவனே சொன்னான்.

"ஏலே, மழைக்கு உப்பு அம்பாரத்த ஓலை போட்டுத்தான மூடுதோம்? ஒன் வண்டியும் அம்பாரம் ஒசரந்தான். நடுவுல விட்டு மூடிப்புட்டா எவனுக்குத் தெரியப் போவுது?"

ஊரே அறிந்த வழக்கம் அது. மழை வருமுன் குவித்த உப்பைப் பனையோலையால் கூரை மாதிரி வேய்ந்து விடுவோம். தூரத்தில் இருந்து பார்த்தால் குடிசைகள் வரிசையாகக் குந்தி இருப்பதுபோல் தெரியும். மழைக்காலத்தில் ஈ காக்கா வராது. நாங்கள் இருவரும் சேர்ந்து, வரப்பு ஓரம் மூன்று அம்பாரங்களுக்கு நடுவில் வண்டியை விட்டு மூடினோம். முடிச்சு எல்லாம் அவன் போட்டான். நான் தள்ளி நின்று பார்த்து, இப்படியொரு உப்பு அம்பாரம் உலகத்திலேயே இல்லை என்று பெருமைப்பட்டேன். காலம் பூராவும் உப்பு சுமந்தவன், இரும்பைக் கொண்டுபோய் உப்புக்குள் வைக்கிறோமே என்று அப்போது யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் உறக்கம் பிடிக்கவில்லை. ஓலை விலகி முகப்பு விளக்கு தெரிகிறதோ, அம்பாரத்துக்கு நம்பர் பிளேட் முளைத்திருக்கிறதோ என்று கண்டதும் தோன்றியது. விடிந்ததும் போய், கோட்டிக்காரன் மாதிரி எல்லா ஓலையையும் பிரித்து, வண்டியை அளத்தின் கடைசிக் கோடிக்குக் கொண்டுபோய் மறுபடி மூடினேன். பழைய இடத்தில் காலி டிரம்களை அடுக்கி, மேலே மிச்ச ஓலையைப் போர்த்தினேன். கூட்டாளிக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு அவனைப் பார்க்க வாய்க்கவில்லை.

சனிக்கிழமை வசூல் பயல்கள் இருவரும் அளத்துக்கே வந்தார்கள். நான் பம்பு செட் கொட்டகைக்குள் ஒளிந்து, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்தேன். அவர்கள் தேடவே இல்லை. வரப்பு ஓரம் நேராக நடந்து, மூன்று அம்பாரங்களுக்கு நடுவே போய் நின்று, ஓலையை இழுத்தார்கள். டிரம்கள் கடகடவென்று உருண்டு ஒருவன் காலில் விழுந்தன. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சாக்கை வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

சிரித்துக்கொண்டே இருந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். இத்தனை அம்பாரம் கிடக்க, இவர்கள் எப்படி அங்கே நேராக நடந்தார்கள்? அந்த இடம் எனக்குத் தெரியும். இன்னொருவனுக்குத் தெரியும். மூன்றாவது ஆளே கிடையாது. வாயில் இருந்த சாக்கு ஒரே உப்பாகக் கரித்தது.

அன்று சாயங்காலம் கூட்டாளி வந்தான். வீட்டுக்காரி காப்பி கொடுத்தாள். அவன் ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"வண்டி பத்திரமா இருக்கால்லே?"

"போட்ட இடத்துலயேதான் கிடக்கு."

"இல்லியே..." என்றவன் அதோடு நிறுத்திக்கொண்டான். காப்பியைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"எம் மவளுக்குப் பேசி முடிச்சிருக்கு. சம்பந்தக்காரங்க வந்திருக்கும்போது ஜாமீன்காரன்னு வீட்டு வாசல்ல வந்து நிப்போம்னு வசூல்காரனுவ சொல்லுதானுவ. நான் என்ன செய்ய?" என்றான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. நானே ஓட்டிட்டுப் போய் விட்டிருப்பேனே."

"யாரு எதச் சொன்னாலும் நீ சிரிப்பியேலே. ஒங்கிட்ட எப்படிச் சொல்லுதது?"

இத்தனை வருஷமாக நான் அடித்த பகடிக்கெல்லாம் சேர்த்து அந்த ஒரு வார்த்தை போதும்.

மறுநாள் வண்டியை ஒப்படைக்கக் கிளம்பினேன். அவனும் வந்தான். இருவரும் ஓலையைப் பிரித்தோம். கதவு ஓரமெல்லாம் அதற்குள் துரு பூத்திருந்தது. நான் ஓட்டினேன், அவன் பக்கத்தில் இருந்தான். பைனான்ஸ்காரன் வண்டிகளை நிறுத்தும் பொட்டலில் பெரியவன் சாவியை என்னிடம் வாங்கிக்கொண்டு, என் கூட நின்றவனைப் பார்த்து, "ரொம்ப தேங்க்ஸ் அண்ணாச்சி" என்றான். கூட்டாளி தரையைப் பார்த்தான். நான் வண்டியைப் பார்த்தேன். பின்னால் நான் எழுதி வைத்திருந்த 'நண்பன் துணை' அப்படியே இருந்தது.

திரும்பி வர பஸ்தான். கூட்டாளி இரண்டு டிக்கெட் எடுத்தான். நான் சட்டைப்பையைத் துழாவி, சில்லறை பொறுக்கி, எனக்கென்று தனியாக ஒன்று எடுத்தேன். கண்டக்டர் மூன்று டிக்கெட்டையும் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "இன்னொரு ஆள் எங்கய்யா?" என்று கேட்டார்.