பன்னிரண்டு மணிப் புள்ளி

பத்து நாளைக்கு முன் கைக்கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு மேலே ஒரு பள்ளம் தெரிந்தது.

அது கடலில் முக்குளிப்பவர்கள் கட்டும் ரகம். நான் முக்குளித்த ஒரே இடம் குளியலறை வாளி... அது வேறு விஷயம். கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், கையால் திருப்பலாம். வளையத்தின் உச்சியில், இருட்டில் பச்சையாக ஒளிரும் ஒரு புள்ளியைப் பதித்திருப்பார்கள். கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. அதைத்தான் காணோம்.

எங்கே விழுந்திருக்கும்? எனக்குச் சந்தேகமே இல்லை. நண்டு வாளியில்தான்.

அதற்கு முந்தைய வாரம் சுங்கை பெசாரில் சகலை சேகர் வீட்டுக்குப் போயிருந்தோம். நானும் அவரும் அடுப்படிக்குப் பின்னால் உட்கார்ந்து ஐந்து கிலோ நண்டு சுத்தம் செய்தோம். பாதியில்தான் நினைவு வந்து இருவரும் வாட்சைக் கழற்றி வாஷிங் மெஷின் மேல் வைத்தோம். அதற்குள் நண்டு தன் வேலையைக் காட்டிவிட்டது. வளையத்தின் ஓரத்தில் இரண்டு கீறல் வேறு. பதினெட்டு வருடமாக ஒரு கீறல் விழாமல் காத்த வாட்ச் அது.

ஆறுதலாக ஒன்று மட்டும் இருந்தது. சில நாட்களாக வாட்ச் கையில் தளர்வாக ஆடியது. சாயங்கால நடைப்பயிற்சி வேலை செய்கிறது, இளைத்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

சாதாரண வாட்சாக இருந்தால் விட்டிருப்பேன். இது மாமனார் போட்டது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். இரண்டு மகள்களுக்கும் ஒரே நாளில், ஒரே மண்டபத்தில் கல்யாணம் செய்து வைத்தார். மருமகன்கள் இருவருக்கும் ஒரே கடையில், ஒரே மாதிரி வாட்ச். கூடக் குறைய என்ற பேச்சு வரக்கூடாதாம். அவர் தவறி ஒரு வருடமாகிறது. முதலாண்டு படையல் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, சேகர் வீட்டில்.

மனைவி சாந்தியிடம் காட்டினேன். முகம் வாடிவிட்டது.

“அப்பா கையால கட்டிவிட்டது. படையலுக்கு இப்படியேவா கட்டிட்டு வருவீங்க?”

கோலசிலாங்கூரில் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். வளையம் முழுவதையும் மாற்ற வேண்டும், வரவழைக்க இரண்டு மாதமாகும் என்றார். ஒரு கடுகுக்கு இரண்டு மாதமா? நானே செய்துவிடுகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன்.

“மீன் தொட்டி மாதிரியா?” என்றாள் சாந்தி.

மீன் தொட்டி விவகாரம் இந்த வாராந்திரப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

ஆனால் இந்த முறை நான் முறையாகத்தான் இறங்கினேன். பள்ளத்தின் அகலத்தை அளந்தேன். ஆன்லைனில் ஒளிரும் மணிகள் மூன்று அளவுகளில் வரவழைத்தேன். வளையத்தைச் சுற்றிக் காகித டேப் ஒட்டினேன். பள்ளத்தில் ஒட்டியிருந்த பழைய பசையை ஊசி முனையால், பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துச் சுரண்டினேன்.

ஒரு தொழில் ரகசியம் — நொடியில் ஒட்டும் பசையைக் கண்ணாடி பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி பட்டால் கண்ணாடியில் வெள்ளையாகப் புகை படியும். என் மூக்குக்கண்ணாடி ஒன்று அப்படித்தான் வீணானது. இரண்டு டியூப்பைக் கலந்து பூசுகிற பசைதான் சரி. காய ஒரு நாள் ஆகும், காத்திருக்க வேண்டும்.

எல்லாம் தயார். சரியான அளவு மணியை இடுக்கியால் பிடித்துத் தூக்கினேன். டிக் என்று ஒரு சத்தம். மணி பறந்துவிட்டது.

அந்த அளவில் வந்தது அது ஒன்றுதான். சமையலறைத் தரையில் தவழ்ந்தேன், கையால் துழாவினேன், துடைப்பத்தைக் கேட்டேன். சாந்தி துடைப்பத்தைத் தரவில்லை. கைப்பேசி விளக்கைப் போட்டுத் தரையெல்லாம் ஒரு முறை காட்டினாள். பிறகு விளக்கை அணைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அரிசி டின்னுக்குக் கீழே பச்சையாக ஒன்று மினுங்கியது.

“மினுங்குறதுக்குத்தானே வாங்குனீங்க. அதத் தேட எதுக்குத் தொடப்பம்?”

வேலையைத் தொடர்ந்தேன். பல்குச்சி முனையில் ஒரு துளி பசையைத் தொட்டு வைத்தேன். மணியை இறக்கி, மெல்ல அழுத்தினேன். மறுநாள் டேப்பை உரித்துப் பார்த்தால்... கச்சிதம். கம்பெனியே பதித்த மாதிரி இருந்தது. சாந்தி விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் பாராட்டு என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை. படையல் முடிந்து, சாப்பிட்டு, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். வாட்ச் எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தேன். சேகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நெல் லோரி ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார்.

“அண்ணே, வாட்ச கழட்டுங்க. மாத்திக்கலாம்.”

“எதுக்கு?”

தன் வாட்சைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினார். பின்மூடியில் கீறலாக ஓர் எழுத்து. ‘மூ’. என் கையில் இருந்ததைத் திருப்பினேன். ‘இ’.

“மூத்த மருமகன், இளைய மருமகன். மாமா ஆணியால கீறினது லா. நீங்க பாத்ததே இல்லையா?”

மண்வெட்டியில்கூட அடையாளம் கீறி வைக்கிற மனிதர், வாட்சில் கீறமாட்டாரா? ஒரு மத்தியானம் முழுக்கப் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை திருப்பிப் பார்க்கவில்லை.

“அன்னிக்கு நண்டு கழுவுனப்ப மாறிடுச்சு. எனக்குக் கையில இறுக்குனதுமே தெரிஞ்சிடுச்சு. நேர்ல பாக்குறப்ப மாத்திக்கலாம்னு இருந்தேன்” என்றார்.

அப்படியானால் நான் இளைக்கவும் இல்லை.

“அப்ப இந்தப் புள்ளி எப்ப விழுந்தது சேகர்?”

“அது ஒரு வருசமாவே இல்ல அண்ணே. மாமா விழுந்த அன்னிக்கு, தூக்கிக் கார்ல ஏத்துறப்ப கதவுல இடிச்சுது. எங்க போச்சுன்னு அப்ப யாரு தேடுனா?”

மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

அன்றைக்கு நான் கோலாலம்பூரில் ஒரு மேடையில் இருந்தேன். குடும்ப உறவுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கைப்பேசியை சைலண்டில் போட்டிருந்தேன். கீழே இறங்கிப் பார்த்தபோது பதினொரு மிஸ்டு கால். நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாராவாரம் எதையெதையோ எழுதுகிறேன், இதை மட்டும் ஒரு வருடமாக எழுதவில்லை. சேகர் முன்னால் உட்கார வெட்கமாக இருந்தது.

“தெரியாம அடைச்சிட்டேன். வேணும்னா பேத்து எடுத்துடுறேன்” என்றேன்.

சேகர் வாட்சை வாங்கிக் கட்டிக்கொண்டார். கட்டைவிரலால் புள்ளியைத் தடவினார்.

“இருக்கட்டும் அண்ணே. விடியறதுக்கு முன்ன லோரி எடுக்குறவன், வெளிச்சமா இருந்தா நல்லதுதான். நேரா ஒட்டியிருக்கீங்க.”

என் வாட்ச் என் கைக்கு வந்துவிட்டது. பதினெட்டு வருடமாகியும், மாமனார் கீறிய அந்த எழுத்தைத் தவிர அதில் ஒரு கீறல்கூட இல்லை. அது பெருமைப்பட வேண்டிய விஷயம் என்றுதான் போன வாரம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.