கோவிந்தாபுரத்தில் எங்களுக்குப் போட்ட பந்தல்

மார்கழிக் குளிரில், காலை ஆறு மணிக்கு ஒலவக்கோடு ரயில் சந்திப்பில் இறங்கினோம். நாங்கள் ஐந்து பேரும் நாடாளுமன்ற உறுப்பினர்கள். அரசின் வேளாண்மைக் கொள்கை வயல்வரை போய்ச் சேர்கிறதா என்று பார்த்து அவைக்கு அறிக்கை தருவது எங்கள் குழுவின் வேலை. ஐவரில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மாநிலங்கள் பிரிந்தபின் இரு மாநில எல்லையாகிவிட்ட கோவிந்தாபுரத்தில் விவசாயிகளைச் சந்திப்பதாக ஏற்பாடு.

கொல்லங்கோட்டுக்குக் காரில் பதினாறு மைல். நெல்லியாம்பதி மலை வலப்பக்கமாகக் கூடவே வந்தது. கொல்லங்கோட்டில் ஒரு நிலக்கிழார் வீட்டில் சிற்றுண்டி. பேச்சும் காப்பியுமாகப் பதினொரு மணி ஆயிற்று. பக்கத்துச் சித்தூர்க்காரரான எங்கள் டிரைவர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: “ஏனுங்க, கூட்டம் பத்து மணிக்குன்னு சொல்லியிருக்காங்க. சனம் வெயில்ல உக்காந்திருக்குமுங்க.”

கிழக்கே போகப்போக நெல்வயல் குறைந்து சோளமும் கடலையும் தொடங்கின. நண்பகலுக்குக் கோவிந்தாபுரம் சேர்ந்தோம். சாலையோரத்தில் பெரிய பந்தல், வாழைமரம், ஜமக்காளம். மாலை போட்டார்கள். மேடைக்கு நடக்கும்போது ஜமக்காளத்துக்கு அடியில் ஏதோ காலில் குத்தியது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். சோளத்தட்டையின் அடிக்கட்டைகள், வெட்டுவாயில் ஈரம்கூடக் காயவில்லை.

“இது யார் நிலம்?” என்று தாலுகா அதிகாரியிடம் கேட்டேன்.

“வேற ஸ்தலம் இல்ல சார். ஆள் சம்மதிச்சிட்டுண்டு” என்றார் அவர், மலையாளம் கலந்த தமிழில்.

எனக்கு மாலை போட்டவர்தான் அந்த ஆள். தலை குனிந்து நின்றார். பதில் சொன்னது அவர் மனைவி மாராத்தாள்.

“பால் புடிச்ச கதிருங்க. இன்னம் ஒரு மாசம் உட்டிருந்தா ஊட்டுக்குச் சோறு. நேத்து அறுத்துப்போட்டாங்க. கேட்டா, உங்க கஷ்டத்தைக் கேக்கத்தான் டில்லியிலிருந்து வர்றாங்கன்னாங்க.”

அதை எங்கள் குழுத் தலைவருக்கு அப்படியே மொழிபெயர்த்தேன். நல்ல மனிதர், முகம் வாடியது. உடனே குழுவின் செயலாளர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். நாம் பரிந்துரைக்கலாம், உத்தரவிட முடியாது; தனி ஒருவரின் நஷ்டம் குழுவின் வரம்புக்குள் வராது என்று அந்த அம்மாளிடம் சொல்லும்படி தலைவர் என்னிடம் சொன்னார். சொன்னேன்.

“அறுக்கச் சொன்னது யாருன்னாவது எழுதுவீங்களா?” என்று கேட்டார் மாராத்தாள்.

அதையும் தலைவரிடம் கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் வற்புறுத்தியிருக்கலாம். “பார்க்கிறோம்” என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அடுத்த ஒரு மணி நேரம் உணவு உற்பத்தியைப் பெருக்குவது பற்றி, அவர்களுடைய உணவை அறுத்த தரையில் இருந்துகொண்டு பேசினோம். நானும் பேசினேன், கைதட்டினார்கள்.

கார் புறப்படும்போது மாராத்தாள் சன்னலருகே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“மறுக்கா வர்றதா இருந்தா, அறுப்பு முடிஞ்சு வாங்க” என்றார். விருந்தாளியிடம் சொல்வதுபோல் மரியாதையாகச் சொன்னார்.

திரும்பும் வழியெல்லாம் மலையைப் பார்க்கத் தோன்றவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் என் தொகுதியில் எத்தனையோ ஊர்களில் எனக்குப் பந்தல் போட்டிருக்கிறார்கள். நிழல் போதுமா, ஒலிபெருக்கி கேட்கிறதா என்று விசாரித்திருக்கிறேன். பந்தல் யார் நிலத்தில் நிற்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.