நான் சொன்ன பொய்யை உண்மையாக்கும் என்று ஜெபித்தேன்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, இந்தச் சாட்சியை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதே விஷயத்தைப் பற்றி ஏற்கெனவே ஒரு சாட்சி சொல்லியிருக்கிறேன். அது பொய். அதைக் கேட்டுக் கைதட்டியவர்களில் சிலர் இதையும் படிப்பீர்கள். என்னைத் திட்டிக்கொண்டே படித்தாலும் சரி, கடைசிவரை படியுங்கள்.

என் பெயர் எஸ்தர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. மெஷினிலிருந்து வரும் பீஸ்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, நெளிவோ கீறலோ இருந்தால் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். என் கணவர் பிரபு இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறார். கல்யாணமாகி ஏழு வருஷம் எங்களுக்குக் குழந்தை இல்லை. எங்கள் சபை எனக்காக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தது. போன வருஷம் கர்ப்பம் தரித்தபோது, ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் சாட்சி சொல்வேன் என்று சபைக்கு முன்னால் பொருத்தனை செய்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. பெருமையில் நானே செய்தது.

ஐந்தாம் மாத ஸ்கேன் ஜூலையில், ஒரு வியாழக்கிழமை. பிரபுவுக்குக் காலை ஷிப்ட் என்பதால் தனியாகப் போனேன். டாக்டரம்மா ஒரே இடத்தில் ரொம்ப நேரம் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"குழந்தையோட ஒரு பாதம் உள்பக்கமா திரும்பியிருக்கும்மா. அது மட்டும்னா பயப்பட வேணாம், பொறந்ததும் மாவுக்கட்டு போட்டு சரி பண்ணிடலாம். ஆனா சில குழந்தைங்களுக்கு முதுகுத்தண்டு, இதயம் இதுலயும் பிரச்சினை சேர்ந்து இருக்கும். ஒரு வாரத்துக்குள்ள சென்னைக்குப் போய் பெரிய ஸ்கேன் எடுத்துடுங்க. அதப் பாத்துதான் பிரசவம் எங்க வெச்சிக்கணும்னு சொல்ல முடியும்" என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். முதலில் என் மனசில் வந்தது என்ன தெரியுமா? கம்பெனியில் இருக்கும் அந்தச் சிவப்புப் பெட்டி. ஏழு வருஷம் அழுது கேட்டு வாங்கிய பிள்ளையை அந்த ஒரு நிமிஷம் நான் அப்படித்தான் பார்த்தேன். பெற்ற தாய்க்கு வரக்கூடாத நினைப்பு. இதைப் பிரபுவிடம்கூடச் சொன்னதில்லை, இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தவள் செல்வி. அந்த ஸ்கேன் சென்டரில் டோக்கன் கூப்பிடுவதும், ரிப்போர்ட் கொடுப்பதும் அவள் வேலை. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததற்குக் காரணம் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்பு அவளும் எங்கள் சபைதான். அவளுடைய மகள் மேலுதடு பிளந்து பிறந்தாள். பெண்கள் ஜெபக்கூட்டத்தை அப்போது நான்தான் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஜெபம் கேட்டு வந்தவளிடம், அத்தனை பெண்கள் முன்னால், "மறைச்சி வெச்ச பாவம் எதுனா இருந்தா இன்னிக்கே அறிக்கை பண்ணிடுங்க சிஸ்டர்" என்றேன். அவள் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு எழுந்து போனாள். அப்புறம் சபைக்கு வரவே இல்லை. நான் அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. நல்லதைத்தானே சொன்னோம் என்று இருந்துவிட்டேன்.

இப்போது என் முறை. சபையில் சொன்னால் என்னையும் அதையே கேட்பார்கள். கேட்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தானே.

"இன்னாமா சொன்னாங்க?" என்று வீட்டில் பிரபு கேட்டார்.

"எல்லாம் நார்மலாம்" என்று சொல்லிவிட்டேன். ரிப்போர்ட்டைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் அம்மா, "எஸ்தர் சிஸ்டர், ஸ்கேன் முடிஞ்சிதா? சாட்சி சொல்லலியா?" என்று மைக்கை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். "உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஒரு குறையும் இல்லாத பிள்ளையைக் கர்த்தர் எனக்குத் தந்திருக்கிறார்" என்றேன். உள்ளங்கால் என்று எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியவில்லை. சபை முழுக்க அல்லேலூயா என்று கைதட்டியது. ஆண்கள் பக்கத்தில் பிரபு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதோடு மாட்டிக்கொண்டேன். ஒரு குறையும் இல்லாத பிள்ளைக்குச் சென்னையில் பெரிய ஸ்கேன் எதற்கு? பிரபுவிடம் என்னவென்று சொல்வது? விசுவாச அறிக்கை செய்தாகிவிட்டது, இனி ஸ்கேனுக்குப் போனால் அவிசுவாசம் என்று எனக்கு நானே பிரசங்கம் செய்துகொண்டேன். அது விசுவாசமில்லை, வெறும் வெட்கம் என்று உள்ளுக்குள் தெரியும். டாக்டரம்மா சொன்ன ஒரு வாரமும் போய்விட்டது. போனில் தெரியாத நம்பர் வந்தால் கட் செய்துவிடுவேன்.

கம்பெனி பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு தினமும் ஒரே ஜெபம். "ஆண்டவரே, நான் சொன்னதை உண்மையாக்கும். நான் பொய்க்காரி ஆகாதபடிக்கு அந்தக் காலைத் திருப்பி வையும்." பாருங்கள், பிள்ளைக்காகக்கூட இல்லை, என் பேருக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில்தான் குழந்தை நன்றாக அசைய ஆரம்பித்தது. ஒவ்வொரு அசைவுக்கும் வயிற்றில் கை வைத்துக்கொண்டு யோசிப்பேன். முதுகுத்தண்டு எப்படி இருக்கிறதோ, இதயம் எப்படி இருக்கிறதோ. சோறு இறங்கவில்லை.

ஒன்பதாவது நாள் மதியம், கம்பெனி பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்றுதான் ஜெபம் மாறியது. "அப்பா, எனக்கு வழி தெரியல. பிள்ளைக்கு எதுனா ஆயிடுமோன்னு பயமா இருக்கு. யாரையாவது அனுப்பும். சபை ஆளுங்க மட்டும் வேணாம்."

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால், எங்கள் ஸ்டாப்பில் செல்வி நிற்கிறாள்.

"உன்னத்தான் பாக்க வந்தேன். மெட்ராஸ் போனியா?" என்றாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"டாக்டரம்மா கேட்டுக்கினே கீறாங்க. போன் பண்ணா எடுக்க மாட்டேங்குற. நீ சபைல சொன்னது என் காதுக்கும் வந்துச்சு. இன்னா பண்ணிக்கினு கீற நீ?"

"நீ யார்கிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டேன். அப்போதும் என் கவலை அதுதான்.

"உன் ஊட்டு விஷயத்த நான் எதுக்கு சொல்லப் போறேன்? நாளைக்கு லீவு போட்டுகீறேன். கார்த்தால டிரெயினுக்கு வந்துடு, நான் கூட வரேன். பிரபு அண்ணன்கிட்ட இன்னிக்கே சொல்லிடு. பாவம் அந்த மனுஷன்."

சபை ஆட்கள் வேண்டாம் என்று கேட்டேன். சபையில் இல்லாத ஒருத்தியைக் கர்த்தர் அனுப்பினார். அவள் சபையில் இல்லாமல் போனதே என்னால்தான். அந்த ஸ்டாப்பிலேயே எனக்கு உட்கார்ந்து அழ வேண்டும் போல் இருந்தது.

வீட்டுக்குப் போய்ப் புடவைகளுக்கு அடியிலிருந்து கவரை எடுத்துப் பிரபுவிடம் கொடுத்தேன். படித்தார். திட்டுவார் என்று பார்த்தேன். "ஒம்போது நாளா இத தனியாவா வெச்சிக்கினு இருந்த?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் மூன்று பேரும் ரயிலேறினோம். பெரிய ஸ்கேனில் அரை மணி நேரத்துக்கு மேல் பார்த்தார்கள். முதுகுத்தண்டு நன்றாக இருக்கிறது, இதயம் நன்றாக இருக்கிறது, கால் மட்டும்தான் என்றார்கள். பிரபு என் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சொன்ன பொய்யைக் கர்த்தர் உண்மையாக்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தார்.

வெளியே வராந்தாவில் செல்வியின் கையைப் பிடித்தேன். "செல்வி, அன்னிக்கு நான் அப்படிக் கேட்டதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"இப்ப வேணாம் எஸ்தரு. எனக்கு இன்னும் ஆறல" என்றாள். டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். "இட்லி துன்னு. மயக்கம் வந்துடப்போவுது."

அடுத்த ஞாயிறு நானே கேட்டு மைக்கை வாங்கினேன். போன தடவை சொன்னது பொய் என்றேன். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் ஒரு சகோதரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மறைவான பாவம் எதுனா இருக்குதா சிஸ்டர்?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். "இருக்கு சிஸ்டர். நாலு வருஷம் முன்னாடி இதே இடத்துல பண்ணேன்" என்று செல்விக்குச் செய்ததைச் சொன்னேன். பிள்ளையின் காலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதையும் சொன்னேன். ஜெபக்கூட்டம் நடத்துவதை அன்றோடு விட்டுவிட்டேன். இப்போது ஒரு ஓரமாக உட்கார்ந்து ஆமென் சொல்கிறேன். எனக்கு அது போதும்.

டிசம்பரில் மகள் பிறந்தாள். இடது பாதம் ஸ்கேனில் சொன்னபடியே திரும்பியிருந்தது. அந்தப் பாதத்தைத்தான் முதலில் முத்தமிட்டேன். இரண்டாம் வாரத்திலிருந்து செவ்வாய்தோறும் மாவுக்கட்டு மாற்றினோம். பிரபுவுக்கு ஷிப்ட் இருந்த செவ்வாய்களில் செல்விதான் கூட வந்தாள். இப்போது கட்டெல்லாம் அவிழ்த்தாகிவிட்டது, கம்பி பூட்டிய ஷூ போடுகிறோம். பாதம் நேராகி வருகிறது. இன்னும் சில வருஷம் தூங்கும்போது மட்டும் போட வேண்டுமாம். போடுவோம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிற சகோதரி யாராவது இருந்தால், உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பயமாக இருக்கிறது என்று கர்த்தரிடம் அப்படியே சொல்லுங்கள். வீட்டில் சொல்லுங்கள். டாக்டர் சொன்ன நாளில் போங்கள், அது அவிசுவாசம் இல்லை. அவரை நம்புங்கள், பதில் தருவார். யார் மூலமாக வர வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள். என்னிடம் அனுப்பப்பட்டவள், நான் அழவைத்து அனுப்பியவள். செல்வி இன்றுவரை என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. மன்னிக்க முடியாதபோதும் அன்று என்னைத் தேடி வந்தாள்.