இரண்டாவது முறை எடுத்த படம்

எங்கள் ஸ்கேன் சென்டருக்குப் புது எம்.ஆர்.ஐ. வந்த அன்று கேக் வெட்டினோம். பழையது ஹீலியத்தைக் குடித்துக்கொண்டே இருந்தது. காந்தத்துக்குள் இருக்கும் மீக்கடத்திக் கம்பிகள் மின்சாரத்தைத் தடையில்லாமல் விட வேண்டுமென்றால் திரவ ஹீலியத்தின் கடுங்குளிரில் கிடக்க வேண்டும். அவலாஞ்சியில் உறைபனியால் புல் வெளுக்கும் ஜனவரி விடியல்கூட அந்தக் குளிருக்கு முன்னால் வெந்நீர்தான். மலைப்பாதையில், பர்லியாரில் மண் சரிந்தால் ஹீலியம் வண்டி நின்றுவிடும். எங்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. புது இயந்திரத்துக்கு ஒரு குடத்தில் அடங்குகிற ஹீலியம் போதும், அதுவும் உள்ளேயே மூடிக் கிடக்கும். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று மேடையில் பேசினார்கள். வண்டியை எதிர்பார்த்து நிற்கும் வேலை ஒழிந்ததே எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்த இயந்திரத்தில் என் கணவரை நானே படுக்கவைத்தேன்.

அவர் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்தும் டிரையரைப் பார்த்துக்கொள்பவர். ஒரே வாரத்தில் மூன்று முறை இடது கையிலிருந்து டீ கிளாஸ் நழுவியது. தூக்கக் கலக்கம் என்று மழுப்பினார். டாக்டர் மூளைக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

உடை மாற்றும்போது பார்த்தால் இடுப்பில் தாயத்துக் கோத்த அரைஞாண் கயிறு. தாயத்துக்குள் என்ன உலோகமோ, கழற்றியாக வேண்டும். முடிச்சு இறுகிக் கிடந்தது. கத்தரியை எடுத்தேன்.

"புதுசு கட்டாம பழசை அறுக்கக் கூடாது, அம்மிணி" என்றார்.

இதையெல்லாம் நம்பாதவள் நான். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிடுசிடுத்திருப்பேன். பேண்டேஜ் துணியில் ஒரு கீற்றுக் கிழித்து அவர் இடுப்பில் கட்டினேன். பிறகுதான் பழையதை வெட்டினேன்.

"இப்பச் சரிங்களா?"

"சரி."

உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனைத்தான் இந்தக் காந்தம் கேள்வி கேட்கிறது. அது தரும் பதில்தான் படம். நீர் கோத்த இடம் நான் எடுத்த வகைப் படத்தில் வெள்ளையாகத் தெரியும். அவருடைய மூளையின் வலது பக்கத்தில் அந்த வெள்ளை இருந்தது. நடுவில் ஒரு கட்டி.

எனக்கு அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. மைக்கை அழுத்தினேன்.

"அசைஞ்சுட்டீங்களா?"

"இல்லையே."

"அசைஞ்சிருப்பீங்க. மறுபடி எடுக்கறேனுங்க."

ஆள் அசைந்தால் படம் கலங்கும், கோடு இரட்டையாக விழும். இதில் எதுவும் கலங்கவில்லை. எத்தனை வருடமாக இதே வேலை பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? தெரிந்தும் மறுபடி எடுத்தேன். அதே இடம், அதே அளவு. மூன்றாவது முறைக்கும் கை போனது. வெளியே பிக்கட்டியிலிருந்து வந்த ஓர் அம்மா வெகுநேரமாகக் காத்திருந்தார். நிறுத்திக்கொண்டேன்.

மேசையை வெளியே இழுத்ததும் எழுந்து உட்கார்ந்தார். அசைகிற நோயாளிகளைப் பற்றி நான் புலம்புவதை வீட்டில் தினமும் கேட்டவர். முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது.

"ரெண்டாவது தடவை மூச்சைக்கூட மெதுவாத்தான் உட்டேன். இப்பப் படம் நல்லா வந்துச்சா, அம்மிணி?"

"ரொம்ப நல்லா வந்துருக்குதுங்க" என்றேன்.