பென் டிரைவில் வந்த கல்யாணம்

எங்கள் மகளுக்குக் கல்யாணம் இரண்டு முறை நடந்தது. மாப்பிள்ளை ஒருவர்தான், யாரும் பதற வேண்டாம். முதல் முறை கும்பகோணத்தில், மண்டபம் பிடித்து, மேளதாளத்தோடு. இரண்டாவது முறை கல்கத்தாவில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவியில். எது பெரிய கல்யாணம் என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அத்தனை பரபரப்பு, அத்தனை கூத்து.

அந்தக் கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிகள் இரண்டே பேர். கீழ்வீட்டுத் தீதியும் அவர் கணவரும். தீதி என்றால் வங்காளத்தில் அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருடைய ஒரே மகன் புனேயில் இருக்கிறான். நான் டல்ஹௌசிப் பக்கம் ஆபீஸுக்கு ஓடிக்கொண்டிருந்த வருஷங்களில், என் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே நுழைவது தீதியின் வீட்டில்தான். சோறு, வீட்டுப்பாடம், காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி, எல்லாம் அங்கேயே. அவரை அவள் மாஷி என்று கூப்பிடுவாள். நம் ஊர்ப் பெரியம்மா மாதிரி. நான் திட்டினால் "நான் மாஷி வீட்டுக்கே போறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு என்னை மிரட்டுவாள். எனக்குச் சில நாள் பொறாமையாகக்கூட இருக்கும்.

அப்படிப்பட்ட தீதி கல்யாணத்துக்கு வரவில்லை. ரயில் டிக்கெட் எடுத்து, புடவைக்கு ஜாக்கெட் தைத்து, பெட்டிகூடக் கட்டி வைத்திருந்தார். கிளம்ப வேண்டிய வாரத்தில் குளியலறையில் வழுக்கிக் கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் கிடந்தபடி, "நீங்க கெளம்புங்க, ஒண்ணும் ஆகல" என்று சிரித்தார். (தீதி பேசுவது வங்காளம். எங்கள் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன்.) எனக்குத்தான் மாடிப்படி ஏறும்போது அழுகை வந்துவிட்டது.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஃபோனில் இருந்த படங்களைக் காட்டக் கீழே ஓடினேன். தீதி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்தத் துளியூண்டு கண்ணாடியிலயா கல்யாணம் பார்க்கறது? வீடியோ வரட்டும். உங்க வீட்டுப் பெரிய டிவியில, மொதல்லேருந்து வரிசையா, உக்காந்து பார்க்கறேன். அதுவரைக்கும் எனக்குக் கல்யாணம் நடக்கல."

பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். மகள் பெங்களூரிலிருந்து வாட்ஸாப்பில் படம் அனுப்பினால் திறக்காமலே வைத்திருப்பார். நானும் ஒரு வாக்குக் கொடுத்தேன். வீடியோ வந்தால் தீதி பார்ப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பார்க்க மாட்டோம். அதன்பிறகு கும்பகோணம் ஸ்டூடியோவை நான் படுத்திய பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. அவர்களிடமிருந்து எப்போதும் ஒரே பதில்தான்: "எடிட்டிங் போயிட்டிருக்குக்கா."

ஒருவழியாகக் கூரியர் வந்தது. நான் ஆபீஸில் இருந்தேன். வாங்கி வைத்தவர் என் கணவர். உள்ளே ஆல்பமும், ஒரு பென் டிரைவும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முகூர்த்தம் என்று தீதிக்குச் சொல்லிவிட்டேன். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் தலைக்கேறிவிட்டது. அன்று விடியற்காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய் வாழையிலையும் மல்லிகைச் சரமும் வாங்கிவந்தேன். வடை, பாயசம், அவியல் என்று கல்யாணச் சாப்பாடே சமைத்தேன். என் கணவர் பட்டுவேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார். வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு, சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு எல்லாம் வைத்தார். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்த்து, "பூஜோவா?" என்று கேட்டார்கள். "இல்லை, கல்யாணம்" என்றேன். அவர்கள் குழம்பிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

தீதி கைத்தடியை ஊன்றி, ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். கும்பகோணத்துக்கென்று எடுத்து வைத்த அதே சிவப்புக் கரைப் புடவை. பின்னால் அவர் கணவர் ஒரு பெரிய தட்டைத் தூக்கி வந்தார். அவர்கள் கல்யாணச் சீர்வரிசையில் முழு மீனை அலங்கரித்து வைப்பார்கள். எங்கள் வீட்டில் மீன் கிடையாதென்று, மீன் வடிவத்தில் பெரிய சந்தேஷ் மிட்டாய் செய்யச் சொல்லி, அதற்கு மூக்குத்திகூடக் குத்திக் கொண்டுவந்திருந்தார்கள். நான் பன்னீர் தெளித்தேன். தீதியின் கொண்டையில் மல்லிகையை வைத்தேன். மண்டபத்துக்கே வந்துவிட்டவர் மாதிரி அவர் நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

என் கணவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பென் டிரைவை டிவியில் செருகினார். ரிமோட்டை அழுத்தினார்.

டிவி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சாதனம் எதுவும் இணைக்கப்படவில்லை என்று எழுதிக் காட்டியது.

பிடுங்கிச் செருகினார். அடுத்த துளையில் செருகினார். டிவியை அணைத்துப் போட்டார். பக்கவாட்டில் ஒரு தட்டும் தட்டினார். தீதி பொறுமையாக, "மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வரல போல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை மாதம் காத்திருந்தவரை உட்கார வைத்துவிட்டு வெறும் கறுப்புத் திரையைக் காட்டுவதா? அவருக்கு இந்தக் கல்யாணத்தைக் காட்டாமல் என் மனசு ஆறாது. பென் டிரைவை என் கணவர் கையிலிருந்து பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

பளபளக்கவேண்டிய அந்த உலோக வாய்க்குள் மஞ்சளாக என்னவோ அப்பியிருந்தது. நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு.

"என்னங்க இது?"

"சந்தனம் குங்குமம்" என்றார், பஞ்சாங்கத்தில் இருப்பதைப் படித்துச் சொல்கிறவர் மாதிரி நிதானமாக.

வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் பிள்ளையார் முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாக வேண்டும் அவருக்கு. ஃபிரிட்ஜுக்கு உண்டு, வாஷிங் மெஷினுக்கு உண்டு, இன்டர்நெட் பெட்டிக்கும் உண்டு. அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் இது?

"வெளியில வெச்சா என்னவாம்? வாய்க்குள்ளயா வைப்பாங்க?"

"கறுப்பு பிளாஸ்டிக்கில சந்தனம் ஒட்டவே மாட்டேங்குது. முனைதான் வெள்ளி மாதிரி இருந்துது. நம்ம பொண்ணு கல்யாணம் உள்ள இருக்கு, மங்களகரமா இருக்கட்டுமேன்னு கொஞ்சம் தாராளமா வெச்சேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருவது ஊரறிந்த விஷயம். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் தீதி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் கணவர், "எங்க விஸ்வகர்மா பூஜையில ஆபீஸ் கம்ப்யூட்டருக்கெல்லாம் சிந்தூர் வெப்போம். ஆனா வாய் திறக்கச் சொன்னதில்ல" என்றார். அப்புறம் எங்கே கத்துவது? நானும் சிரித்துவிட்டேன்.

பழைய டூத் பிரஷும், பஞ்சும், ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காய்ந்து கல்லாகியிருந்த சந்தனத்தைத் துளித்துளியாகச் சுரண்டினேன். தீதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அந்த ஓரத்துல இன்னும் இருக்கு" என்று மேற்பார்வை பார்த்தார். நன்றாகக் காயவிட்டு, என் கையாலேயே செருகினேன். டிவியில் சின்னதாக ஒரு பெட்டி முளைத்தது. நாங்கள் நாலு பேரும் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கதவு மறுபடி திறந்தது.

மாப்பிள்ளை அழைப்பு ஜம்மென்று ஓடியது. தேர் மாதிரி அலங்கரித்த கார், நாதஸ்வரம், என் நாத்தனார் ஓரக்கண்ணால் காமிராவைப் பார்ப்பது, எல்லாம். தீதி ஒவ்வொருவரையும் யார் யார் என்று கேட்டுக்கொண்டார். அது முடிந்ததும் அடுத்த ஃபைல், முகூர்த்தம். அழுத்தினேன்.

இந்த வகை வீடியோவை ஓட்ட முடியாது என்றது டிவி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஸ்டூடியோவுக்குப் போன் போட்டேன். "முகூர்த்தம் மட்டும் ஹை குவாலிட்டில போட்டிருக்கோம்க்கா, ஸ்பெஷலா. டிவியை மாத்திடுங்க" என்றான் அவன். டிவியை மாற்றுவதாம்!

"அப்ப ரிசப்ஷன் ஓடுமே, அதைப் பார்ப்போமா?" என்றார் என் கணவர்.

"தாலி கட்டாம ரிசப்ஷனா? என்ன பேச்சு இது?" என்றார் தீதி.

"சரி, சாப்பிட்டாவது…" என்று இழுத்தார் தீதியின் கணவர். சமையலறையிலிருந்து வடை வாசனை வேறு வந்துகொண்டிருந்தது.

"தாலி கட்டாம பந்தியா?"

அவர் சமையலறைப் பக்கம் முதுகு தெரிகிறமாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

என் லேப்டாப்பில் அந்த ஃபைல் திறந்தது. ஆனால் லேப்டாப்பை டிவியோடு இணைக்கும் கேபிள் மகளோடு பெங்களூர் போய்விட்டது. லேப்டாப்பிலேயே பார்க்கலாமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு வகை வீடியோவை இன்னொரு வகையாக மாற்றித் தரும் மென்பொருள் இருப்பது தெரியும். ஆபீஸில் ஒருமுறை செய்திருக்கிறேன். தேடி இறக்கி, முகூர்த்தத்தை அதற்குள் போட்டேன். ஒரு பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்தது.

நாங்கள் நாலு பேரும் அந்தக் கோட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். கிரிக்கெட் பார்ப்பதுபோல இருந்தது. பாதி தாண்டியபோது தீதியின் கணவர் கை தட்டினார். ஒரு இடத்தில் கோடு அசையாமல் நின்றது. மறுபடி நகர்ந்ததும் என் கணவர் பிள்ளையாரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "குங்குமத்தை எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வந்துடாதீங்க" என்று எச்சரித்து வைத்தேன். மணி ஒன்று முடிந்து, இரண்டும் அடித்துவிட்டது. பசியில் எல்லோருக்கும் கண் பஞ்சடைந்திருந்தது. கோடு ஒருவழியாக மறுகரையைத் தொட்டது.

புது ஃபைலைப் பென் டிரைவில் ஏற்றி, டிவியில் செருகி, அழுத்தினேன்.

ஓடியது! மண்டபம், மணமேடை, சத்தமாக மேளம். "ஓடுது, ஓடுது!" என்று நான் குதித்தேன், இந்த வயதில். என் மகள் கூரைப்புடவை கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி மணமேடைக்கு வந்தாள். தீதி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "எவ்வளவு அழகா இருக்கா, பாரு, எவ்வளவு அழகா இருக்கா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பட்ட பாடெல்லாம் மறந்துபோயிற்று.

மாப்பிள்ளை கையில் தாலியை எடுத்துக் கொடுத்தார்கள். "தீதி, இப்பத்தான்! இதுதான்!" என்று திரும்பினேன்.

நாற்காலி காலியாக இருந்தது. தீதி தடியை ஊன்றிக்கொண்டு விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்க்கொண்டிருந்தார். தண்ணீர் வேண்டுமோ, மயக்கம் வந்துவிட்டதோ என்று பதறிப் பின்னாலேயே ஓடினேன். டிவிக்கு முதுகைக் காட்டி, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன தீதி, இதுக்காகத்தானே காலைலேருந்து பட்டினி கிடந்தோம்? வாங்க, கட்டப் போறாங்க!"

"நான் பார்க்கக் கூடாது" என்றார் திரும்பாமல். "எங்க வீடுகள்ல அம்மா பார்க்க மாட்டா. பார்த்தா பிள்ளைக்கு ஆகாது. என் பையன் கல்யாணத்துலயும் நான் பார்க்கல."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்ப கும்பகோணம் வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"அப்பவும் மண்டபத்துச் சமையல்கட்டுலதான் நின்னிருப்பேன்."

கூடத்தில் கெட்டிமேளம் எழுந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் தீதி கண்ணை மூடி, நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார். அவ்வளவு உரக்க, அவ்வளவு நீளமாக அவர் குலவையிட்டு நான் கேட்டதே இல்லை. சந்தோஷமா அழுகையா என்று பிரிக்க முடியாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேளம் தணிந்தது.

"கட்டியாச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சு தீதி" என்றேன். "வாங்க, வந்து உங்க பொண்ணைப் பாருங்க."