அம்மா வரவேண்டிய பக்கம்

எங்கள் டீக்கடை அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருந்தது. மலையைச் சுற்றுகிறவர்கள் எல்லாரும் செங்கம் ரோட்டுப் பக்கமிருந்து வந்து, கடையைத் தாண்டி, குபேர லிங்கத்துப் பக்கமாகப் போவார்கள். எதிர்த்திசையில் சுற்றியவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஒருமுறை சென்னையிலிருந்து வந்த ஒருவர் தன் மூக்குக்கண்ணாடியை எங்கள் மேசையிலேயே மறந்துவிட்டார். நூறு அடி போனதும் ஞாபகம் வந்திருக்கிறது. ஆனால் திரும்பி நடந்தால் சுற்றிய பலன் போய்விடுமாம். மங்கலான கண்ணோடு முழு மலையையும் சுற்றிக்கொண்டு, மறுபடி செங்கம் ரோட்டுப் பக்கமாகவே வந்து வாங்கிக்கொண்டார். மனுஷன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அம்மா பெங்களூருக்குப் போய்விட்டாள். அப்பாவும் அவளும் ஒரு மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாள் காலையில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறி, பஸ் பிடிக்கச் செங்கம் ரோட்டுக்குப் போனாள். என்னிடம் சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொன்னாள். கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா, வேலைக்குப் போயிருக்கிறாள் என்றார். அவளுடைய போன் வந்தால் கடைக்குப் பின்னால் போய் நின்று பேசுவார். என்னிடம் தரமாட்டார்.

வகுப்புச் சுவரில் தமிழ்நாட்டு வரைபடம் ஒன்று தொங்கியது. எங்கள் மாவட்டம் ரோஸ் நிறம். அதற்கு மேற்கே இரண்டு மாவட்டங்கள் தாண்டினால் கோடு முடிந்து, வெறும் வெள்ளைத்தாளில் கர்நாடகம் என்று மட்டும் எழுதியிருந்தது. ஊர் இல்லை, ஆறு இல்லை, ரோடு இல்லை. அம்மா அந்த வெள்ளைக்குள் இருந்தாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் தட்டோடு ஓடிய பிறகு, நான் அந்த வெள்ளையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த வருஷம் என்னோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட யாரும் இல்லை. நானும் யாரையும் கூப்பிடவில்லை.

பிறகுதான் டீச்சர் ஒரு நாள் பீரோ மேலிருந்த உலக உருண்டையை இறக்கினார். பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, தூசி தட்டி, மேசையில் வைத்தார். இது பூமி இல்லை, பூமியின் மாதிரி என்றார். வரைபடத்துக்கு ஓரம் உண்டு, உருண்டைக்கு ஓரம் கிடையாது என்றார். அதில் திருவண்ணாமலையும் இல்லை, பெங்களூரும் இல்லை. என் சுண்டுவிரல் நகத்தை வைத்தால் இரண்டும் அதற்குள்ளேயே அடங்கிவிடும் என்று டீச்சர் காட்டினார். நான் நகத்தை எடுக்கவே இல்லை.

ஒருவர் நேராகப் போய்க்கொண்டே இருந்தால் எங்கே போய்ச் சேருவார் என்று டீச்சர் கேட்டார். கடலில் விழுவார் என்று சிலர் சொன்னார்கள். நான் யோசிக்கவே இல்லை.

"பொறப்பட்ட எடத்துக்கே வந்துருவாங்க டீச்சர். ஆனா போன பக்கமா வரமாட்டாங்க, அந்தப் பக்கமா வருவாங்க."

டீச்சர் கைதட்டச் சொன்னார். அம்மா போன பிறகு எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல். உருண்டையின் ஒரு விரல் அகலம் நிஜத்தில் எத்தனையோ நூறு கிலோமீட்டர் என்று பின்னாடியே அவர் சொன்னதை, பரீட்சைக்கு வருகிற விஷயம் என்று ஒதுக்கிவிட்டேன். மாதிரியில் எதை நம்ப வேண்டும், எதை நம்பக் கூடாது என்று பிரித்துப் பார்க்கிற புத்தி அப்போது இல்லை. இப்போதும் கொஞ்சம் கம்மிதான்.

அன்று சாயங்காலமே கடையில் ஒரு சாத்துக்குடியை எடுத்து அப்பாவுக்கு விளக்கினேன். அம்மா செங்கம் ரோட்டுப் பக்கமாகப் போனாள், அதனால் குபேர லிங்கத்துப் பக்கமாகத்தான் வருவாள். அப்பா பாய்லரைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஆமாம், அப்படித்தான் என்றார். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் குபேர லிங்கத்துக் கோயில் வரை நடந்துபோய் உட்காருவேன். டவுன் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு ஆட்டோவையும் பார்ப்பேன். ஐந்து மணிக்குள் வீட்டில் இல்லாவிட்டால் அப்பா திட்டுவார். கூட்டமில்லாத நாட்களில் அந்த ரோட்டில் குரங்குகளும் நானும்தான்.

ஒரு சனிக்கிழமை காலையில் அப்பாவுக்கு போன் வந்தது. பின்னால் போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்தவர், மத்தியானம் தானாகவே என்னைக் கூப்பிட்டு ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்தார். அதுவரை கடைச் சரக்கை எனக்குப் பிரித்துத் தந்தவரில்லை.

"இன்னிக்கு லீவுதானே. ஆறு மணி வரைக்கும் இருந்து நல்லா பாத்துட்டு வா" என்றார்.

என்னை அவர் நம்பிவிட்டார் என்று அவ்வளவு சந்தோஷம். கோயில் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு பிஸ்கட்டாகத் தின்றேன். அம்மாவுக்கென்று நான்கு மிச்சம் வைத்தேன். ஆறு மணி வரை யாரும் வரவில்லை.

திரும்பியபோது பக்கத்துக் கடை அத்தை என்னைப் பார்த்துத் திகைத்துப்போய் நின்றாள்.

"உங்கம்மா வந்துட்டு இப்பதான்டி போறாங்க. ரெண்டு மணி நேரம் ஒக்காந்திருந்தாங்க. நீ ஸ்கூல்ல டூர் போயிருக்கன்னு உங்கப்பா சொன்னாரே?"

எந்தப் பக்கமாக வந்தாள் என்று கேட்டேன். செங்கம் ரோட்டுப் பக்கமாக வந்து, அதே பக்கமாகத் திரும்பிப் போய்விட்டாளாம். அந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வந்தது.

கடைக்குள் அப்பா கழுவிய கிளாஸ்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் பள்ளிக்கூட டூர் அடுத்த சனிக்கிழமைதான். பாவம், அப்பா தேதியை மாற்றி நினைத்துக்கொண்டுவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. தெரிந்தால் ரொம்ப வருத்தப்படுவார் என்று, அதை அவரிடம் சொல்லவே இல்லை.