ஆண் ஒன்று, பெண் ஒன்று, ஈட்டி ஒன்று

அந்த அருங்காட்சியகத்தில் அவளை எல்லோரும் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் அவளுடைய சொந்தப் பெயர் இருந்தது. அதைப் படித்துப் பார்த்தவர் யாருமில்லை. பதினோரு அறைகள், நாற்பத்தேழு கண்ணாடிப் பெட்டிகள். பழைய செய்தித்தாளைக் கசக்கி, வினிகர் கலந்த தண்ணீரில் தோய்த்து, மேலிருந்து கீழாகத் துடைப்பாள். வட்டமாகத் துடைத்தால் கோடு விழும் என்பது அவள் கண்டுபிடித்தது. கிடங்குப் பொறுப்பாளர் அதைத் தன் யோசனை என்று மேலிடத்துக்கு எழுதிப் பாராட்டுக் கடிதம் வாங்கி, சட்டம் போட்டு மாட்டிவைத்திருந்தார். அந்தச் சட்டத்துக் கண்ணாடியையும் அவள்தான் துடைத்தாள்.

பதினாறு வருடமாக அவள் தற்காலிகப் பணியாளர். பதினாறு வருடம் நிற்காமல் நடக்கும் ஒன்றைத் தற்காலிகம் என்று எழுத எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! அலுவலகங்களுக்கு அது தாராளமாகவே உண்டு.

அங்கே திங்கட்கிழமை விடுமுறை. அன்றைக்குக் காட்சிப் பொருள்கள் நகரும்.

ஒன்பது வருடத்துக்கு முன் முதல்முதலாக அதைப் பார்த்தாள். விலங்குகள் அறையில், பஞ்சடைத்த கரடி சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவள் அலறவில்லை, கும்பிடவுமில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கால் மணி நேரம் உற்றுப் பார்த்தாள். மறுநாள் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினாள். தேதி, மணி, எது நகர்ந்தது, எவ்வளவு தூரம் என்று எழுதத் தொடங்கினாள். மூன்று மாதத்தில் விஷயம் பிடிபட்டது. திங்கட்கிழமை மட்டும், காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரை நகரும். காவலாளியோ அதிகாரியோ, மனிதர் யார் வந்தாலும் சட்டென்று உறைந்துவிடும். அவள் வந்தால் மட்டும் உறைவதில்லை.

ஏன் என்று யோசித்து அவளே விடையும் எழுதினாள்: ‘என்னை ஆளாகக் கணக்கில் எடுக்கவில்லை.’ எழுதிவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அலுவலகத்தில் இருப்பவர்கள் அப்படி நடந்துகொண்டது போதாதா, பஞ்சும் பிளாஸ்டரும் கூடவா அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

எதனால் நகர்கின்றன என்ற கேள்விக்கு நேரே ‘தெரியவில்லை’ என்று எழுதியிருந்தாள். தெரியாததைத் தெரியாது என்று எழுதிவைக்க ஒரு நேர்மை வேண்டும். திரை கட்டி, மணியடித்து, கூட்டம் சேர்த்திருந்தால் அவளும் இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பாள்.

அந்தத் திங்கட்கிழமை ஆண்டுச் சரிபார்ப்பு. தலைமை அலுவலகத்திலிருந்து வரும் அலுவலர் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் பொருள்களை எண்ணுவார். கண்ணாடியக்காவை நிரந்தரமாக்கும் கோப்பு இயக்குநரின் மேசையில் கிடந்தது. சரிபார்ப்பு அறிக்கை சுத்தமாக வந்தால் கையெழுத்து; அவள் பொறுப்பிலுள்ள அறைகளில் ஒரு பொருள் குறைந்தாலும் அன்றோடு அவளுக்கு வேலை இல்லை. அந்த இடத்துக்குக் கிடங்குப் பொறுப்பாளரின் மச்சான் பத்து மாதமாகச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

காலை பத்து மணிக்கு அலுவலர் முதல் அறையில் நாணயங்களை எண்ண ஆரம்பித்தார். ஆறாம் அறையிலிருந்து சண்டைச் சத்தம் கேட்டு, கண்ணாடியக்கா வாளியோடு ஓடினாள்.

ஆறாம் அறையில் ஆதிமனிதக் குடும்பம். ஆள் உயரப் பிளாஸ்டர் உருவங்கள். ஆண் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு தூரத்தைப் பார்த்து நிற்பான். பெண் மண்டியிட்டு, குனிந்து, கல்லில் தானியம் அரைப்பாள். பக்கத்தில் ஒரு குழந்தை, ஒரு நாய், பின்னால் ஒரு பிளாஸ்டர் பாறை. ‘வேட்டைக்குப் புறப்படும் ஆதிமனிதனும் அவன் குடும்பமும்’ என்று கீழே பலகை. முப்பத்தொரு வருடமாக அவன் புறப்பட்டுக்கொண்டே இருந்தான். அவள் அரைத்துக்கொண்டே இருந்தாள்.

இன்று அவள் எழுந்து நின்றிருந்தாள். ஈட்டி அவள் கையில் இருந்தது.

“வாம்மா கண்ணாடி, நீயே ஒரு நியாயம் சொல்லு,” என்றாள். “முப்பத்தொரு வருஷமா முதுகு ரெண்டா போகுது. ஒரு வருஷம் நீ அரை, நான் நிக்கறேன்னு கேட்டேன். அதுக்கு இந்தக் குதி குதிக்கறாரு.”

“நான் வேட்டைக்காரன்!” என்றான் ஈட்டிக்காரன்.

“எதை வேட்டையாடினே? பக்கத்து அறையில கரடி நிக்குது, ஒரு நாளாவது எட்டிப் பாத்தியா?”

குழந்தை சிரித்தது. நாய் குரைத்தது, வாயிலிருந்து தூசிதான் வந்தது.

“ஐயா, அம்மா, ரெண்டு பேர் காலையும் பிடிக்கறேன்,” என்றாள் கண்ணாடியக்கா. “எண்ண வந்திருக்காங்க. இன்னிக்கு ஒரு நாள் அவங்கவங்க இடத்துல நில்லுங்க. என் பொழப்பு இதுல இருக்கு.”

“உனக்காகச் செய்வேன்மா. ஆனா இன்னிக்கு ஒரு நாளுன்னுதான் முப்பத்தொரு வருஷமா சொல்றாங்க,” என்றாள் அரைகல் அம்மா. இதே வாக்கியத்தைக் கண்ணாடியக்காவும் பதினாறு வருடமாகக் கேட்டிருக்கிறாள்.

ஈட்டிக்காரனுக்குக் கோபம் தலைக்கேறியது. தலைமுடியைக் கழற்றி எறிந்தான். இடுப்பில் கட்டியிருந்த தோலை அவிழ்த்து எறிந்தான். “இந்தா, உங்க வேஷம்! நீங்களே கட்டிக்குங்க!” தோலுக்கு அடியில் அவனுக்குச் சிற்பி ஒன்றும் செய்து வைக்கவில்லை, வெறும் வெள்ளைப் பிளாஸ்டர். அப்படியே விறுவிறுவென்று நடந்து கிடங்குக்குள் போய், உள்ளே தாழ் போட்டுக்கொண்டான்.

கண்ணாடியக்கா கதவைத் தட்டினாள், கெஞ்சினாள். பதிலே இல்லை. நாணய அறை முடிந்து, ஆயுத அறையில் பேச்சுக் குரல் கேட்டது. நடுவில் இன்னும் மூன்றே அறைகள். அதில் ஒன்று பழுது பார்ப்பதற்காகப் பூட்டிக் கிடந்தது.

பக்கவாட்டுக் கதவு திறந்தது. வந்தவர் அவள் கணவர், தையல்காரர். கழுத்தில் அளவு நாடா, காலரில் குத்திய ஊசிகள், நாலு நாள் தாடி. அரைகல் அம்மா ஈட்டியோடு அப்படியே உறைந்துபோனாள்.

“வீட்டுச் சாவிய எடுத்துட்டு வந்துட்டியே, மறதி மண்டை. அரை மணி நேரமா வாசல்ல நிக்கறேன். யார்கிட்ட பேசிட்டிருந்தே?”

கண்ணாடியக்கா அவரைப் பார்த்தாள். தாடியைப் பார்த்தாள். கீழே கிடந்த தோலைப் பார்த்தாள்.

“சட்டையக் கழட்டுங்க.”

“என்னது?”

“ஆண் ஒண்ணு குறையுது. எண்ண வராங்க. குறைஞ்சா என் வேலை போயிரும். சட்டையக் கழட்டுங்க!”

“ஏய், உனக்கு என்ன ஆச்சு? பொம்மை எங்க போச்சு?”

“கோவிச்சுக்கிட்டுப் போச்சு.”

“பொம்மையா?”

“வீட்டுக்குப் போய் எல்லாம் சொல்றேன். பதினாறு வருஷம் நான் இங்க உழைச்சிருக்கேன். பத்து நிமிஷம் நீங்க எனக்காக உழைங்க.”

அவர் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். சட்டையும் வாட்சும் செருப்பும் வாளிக்குப் பின்னால் போயின. கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, தோலை அதன் மேல் சுற்றி, தன் ஊசிகளாலேயே இடுப்பில் குத்திக்கொண்டார். தொழில்காரர் அல்லவா, பதற்றத்திலும் மடிப்பு நேராக விழுந்தது. முடியைத் தலையில் கவிழ்த்தார்.

“நான் ஈட்டியப் பிடிச்சுக்கறேன். நல்லா நிமிந்து நிப்பேன்.”

ஈட்டியை இழுத்துப் பார்த்தார். பிளாஸ்டர் விரல்கள் இறுகப் பிடித்திருந்தன. விரல் உடைந்தால் அதுவும் சேதக் கணக்கில் ஏறும்.

“மண்டி போடுங்க. அரைக்கற இடத்துல.”

“பொம்பளை இடத்துலயா? நானா?”

நடைவழியில் செருப்புச் சத்தம் நெருங்கியது. இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அவள் வாயில் வராத வார்த்தை வந்தது.

“யோவ், குனி!”

அவர் குனிந்தார்.

அலுவலர் உள்ளே வந்தார். ஒல்லியான, கண்ணாடி போட்ட பெண்மணி. கையில் பதிவேடு, காதில் பென்சில். பின்னால் சாவிக்கொத்தோடு கிடங்குப் பொறுப்பாளர்.

“அறை ஆறு. பெண் ஒன்று.” பென்சிலால் அரைகல் அம்மாவின் தோளைத் தட்டினார். டொக் டொக். “விரிசல் இல்லை. குழந்தை ஒன்று.” டொக் டொக். “நாய் ஒன்று.”

அப்போதுதான் கண்ணாடியக்கா அதைப் பார்த்தாள். ஆதிமனிதனின் கழுத்தில் மஞ்சள் அளவு நாடா. முனையில் இரும்புப் பட்டை, நெடுக எண்கள். துடைப்பதுபோல் கிட்டே போகலாம் என்று ஒரு அடி வைத்தாள்.

“நீ அங்கேயே நில்லு,” என்றார் பொறுப்பாளர். “மேடம், இங்க ஒரு தப்பு நடந்திருக்கு. பலகையப் படிங்க. ஆம்பளைதான் ஈட்டி பிடிச்சிருக்கணும். இங்க பொம்பளை பிடிச்சிருக்கா. இவ எதுலயோ கை வெச்சிருக்கா. இதுக்குத்தான் பொறுப்பான ஆள் வேணும்னு நான் தலையால அடிச்சுக்கறேன்.”

அலுவலர் திரும்பினார். “நீ மாத்தினியா?”

“இல்லைங்க. நான் தொடவே இல்லை.” அது உண்மை. அவளுக்குப் பொய் வராது. அதனாலேயே பாதி வாழ்க்கை கஷ்டம்.

“அப்ப தானா மாறிச்சா?” என்று பொறுப்பாளர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் அவளுக்குள் ஏதோ அறுந்தது. “ஆம்பளைதான் பிடிச்சான்னு எந்தக் கல்லுல எழுதியிருக்குங்க? கிடைச்சது எலும்பும் கல்லும். அதுல ஈட்டி முனை இருக்கு, அரைகல் இருக்கு. யார் கை எதைப் பிடிச்சதுன்னு பாத்தவங்க யாரு? பொம்மை செஞ்சவர் தன் வீட்டைப் பாத்து இதைச் செஞ்சிருக்காரு.”

அலுவலர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பதிவேட்டின் மேல் குனிந்தார். பொறுப்பாளரும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

அந்த நொடியில் ஈட்டி நகர்ந்தது.

ஒன்பது வருடக் குறிப்பில், மனிதர் இருக்கும்போது ஒரு பொருள் நகர்ந்ததாக ஒரு வரி கூட இல்லை. ஈட்டி முனை மெல்ல இறங்கி, நாடாவுக்கு அடியில் நுழைந்து, கழுத்திலிருந்து தூக்கி, பாறைக்குப் பின்னால் விட்டது. பழைய இடத்துக்குத் திரும்பி நின்றது. குனிந்திருந்த தையல்காரர் கடைக்கண்ணால் எல்லாவற்றையும் பார்த்தார். அவர் தொண்டையில் ‘க்’ என்று ஒரு சத்தம் கிளம்பியது. கண்ணாடியக்கா பலமாக இருமினாள்.

“பட்டியல்ல ஆண் ஒன்று, பெண் ஒன்று, ஈட்டி ஒன்று, அரைகல் ஒன்றுன்னுதான் இருக்கு,” என்றார் அலுவலர் நிமிர்ந்து. “யார் கையில எதுன்னு இல்லை. நான் எண்ண வந்தவ.” கடைசியாக ஆணின் முதுகைப் பென்சிலால் தட்டினார்.

தப் தப்.

அலுவலரின் நெற்றி சுருங்கியது. மறுபடி தட்டினார். தப். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆதிமனிதனின் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை அரைகல்லில் விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

கண்ணாடியக்காவின் பதினாறு வருடம் அந்தச் சொட்டில் தொங்கியது.

“உள்ளே ஊறிப்போயிருக்கு,” என்றார் அலுவலர் வருத்தமாக. “மத்ததெல்லாம் கெட்டியா இருக்கு, ஆண் உருவம் மட்டும் ஈரக்கசிவு. இந்த அறையை யார் பாத்துக்கறது?”

“நான்தாங்க. பதினாறு வருஷமா.”

“நிரந்தரமா?”

“தற்காலிகமுங்க.”

“பதினாறு வருஷம் தற்காலிகமா?” அலுவலர் பொறுப்பாளரைப் பார்த்தார். அவர் சாவிக்கொத்தில் எதையோ தேடத் தொடங்கினார். “இவ்வளவு ஈரத்துல மத்த மூணும் பூஞ்சை பிடிக்காம இருக்குன்னா, யாரோ ஒழுங்கா வேலை செஞ்சிருக்காங்கன்னு அர்த்தம். உன் பேர் என்னம்மா?” என்றார் அலுவலர்.

அவள் சொன்னாள். அலுவலர் எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டார்: ‘ஆண் உருவத்தில் ஈரக்கசிவு உள்ளது. இதைத் தொடர்ந்து கவனிக்க, அனுபவமுள்ள இவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வது அவசியம்.’

செருப்புச் சத்தம் அடுத்த அறைக்குப் போய்த் தேய்ந்து மறைந்தது. தையல்காரர் எழப் பார்த்தார், முடியவில்லை. அரைகல் அம்மா கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

கிடங்குக் கதவு திறந்து, வெள்ளை வெளேரென்று ஈட்டிக்காரன் தலையை நீட்டினான். “யாரது, என் இடத்துல?”

“உங்க இடம் இல்லைங்க. இந்தம்மா இடம்,” என்றார் தையல்காரர், முதுகைப் பிடித்தபடி. பிறகு அரைகல் அம்மாவிடம் திரும்பினார். “எத்தனை வருஷமா இப்படி?”

“முப்பத்தொரு வருஷம். ஒரு லீவு கிடையாது,” என்றாள் அவள்.

நிரந்தர ஆணை வர ஏழு வாரம் ஆயிற்று. பலகையை மாற்றச் சொல்லிக் கண்ணாடியக்கா கொடுத்த மூன்று மனுக்களும் இன்னும் பரிசீலனையில் இருக்கின்றன. ஆனால் சரிபார்ப்புக்கு அடுத்த திங்கட்கிழமையே அவள் நோட்டில் இப்படி எழுதினாள்: ‘ஆண் அரைத்தார். மணி 10.20 முதல் 11.05 வரை. நான்கு தடவை புலம்பினார்.’

எழுதிக்கொண்டிருக்கும்போது தையல்காரர் வந்தார். முழங்காலுக்கு அடியில் போட, பஞ்சு வைத்துத் தைத்த கெட்டி மெத்தை ஒன்று அவர் கையில் இருந்தது. அறைக்குள் நுழைந்தார். யாரும் உறையவில்லை. குழந்தை கையாட்டியது.

“பாத்தியா,” என்றார் பெருமையாக. “என்னைப் பாத்தும் யாரும் கல்லா நிக்கலை!”

“ஆளா மதிக்கலைன்னு அர்த்தம்,” என்றாள் கண்ணாடியக்கா. “பழகிரும். அந்த வாளியை இப்படித் தள்ளுங்க.”